பஞ்சுவுக்குப் பெண் பார்க்கலாமா?

“ஒரே ஒரு முயலையா வைத்திருக்கிறீர்கள்? பாவம் இல்லையா?” சென்ற பருவத்தில் மட்டும் இந்தக் கேள்வி நான்கு முறை என் காதில் விழுந்துவிட்டது. கேட்டவர்களில் இருவர் முயலைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவர்கள். ஆனாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தனிமரம் தோப்பாகாது என்று தொடக்கப்பள்ளியிலேயே எழுதிப் பழகியவர்கள் நாம். தனியாக இருப்பது எதுவானாலும் அதற்கொரு துணையைச் சேர்த்துவிட வேண்டும் என்று நமக்குக் கை பரபரக்கும். திருமண வயதில் அக்காவோ அண்ணனோ இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு முயலின் பெயர் பஞ்சு. ஆண். 2020இல் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த ஏப்ரல், மே மாதங்கள் முடிந்த கையோடு அண்ணன் அவனை ஒரு கடையிலிருந்து வாங்கி வந்தான். அப்போது வீட்டில் ஐந்து பேர். அப்பாவின் அலுவலகம் சாப்பாட்டு மேசையில் நடந்தது. என் பள்ளிப் பாடம் கட்டிலில் நடந்தது. பஞ்சுவுக்குப் பகல் முழுதும் ஆள். இப்போது அண்ணன் திருமணமாகிப் பொங்கோல் பக்கம் குடிபோய்விட்டான். அப்பா காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறார். அம்மா தாதி, மருத்துவமனையில் முறைமாற்று வேலை. எனக்கு விரிவுரை, பயிற்சி வகுப்பு, அவற்றோடு நம் சங்கத்து வேலை. பகலில் வீட்டில் மிஞ்சுவது பாட்டியும் பஞ்சுவும்.

ஆக, பஞ்சுவுக்கு இன்னொரு முயலைத் துணையாகக் கொண்டுவரலாமா, கூடாதா என்பது எங்கள் வீட்டில் ஆறு மாதமாக நடக்கும் வழக்கு. என் தரப்பை இங்கே வைக்கிறேன். உங்களில் பலர் வீட்டிலும் ஒரு முயலோ, வெள்ளெலியோ, கிளியோ தனியாக உட்கார்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில்.

முதலில் ஒரு சொல் சிக்கல். தமிழ்ச் சங்கத்து மலர் என்பதால் இந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன். துணை வேண்டாம் என்போர் வழக்கமாகச் சொல்வது, “முயல் தனியாத் திரியிற பிராணிதானே?” என்பது. என் அப்பாவின் வாதமும் அதுதான். அவர் மனத்தில் இருப்பது எந்த முயல் என்று யோசித்துப் பார்த்தேன். ஆமையோடு பந்தயம் ஓடிய முயல் தனியாகத்தான் ஓடியது. சிங்கத்தைக் கிணற்றடிக்கு அழைத்துப்போன முயலும் தனியாகத்தான் போனது. நிலாவில் தெரிவதும் ஒன்றே ஒன்று. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் அம்புக்கு இலக்காகிறதே, அது காட்டில் ஓடும் முயல். மூன்றே கால் என்று நாம் அடம்பிடிப்பதும், கொம்பு இருக்கிறதா என்று தேடுவதும் அந்த முயலிடம்தான். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மேய்ச்சல் வெளிகளிலும் காடுகளிலும் இன்றும் ஓடும் அந்தக் காட்டுமுயல் பெரும்பாலும் தனியாளே. அது வளை தோண்டாது. புல்லுக்கு நடுவே உடம்பு பதியும் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தால் போதும். அதன் குட்டிகள் உடல் முழுக்க முடியோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. பிறந்த சிறிது நேரத்தில் ஓடவும் தயாராகிவிடும்.

பஞ்சு அந்த முயல் அல்லன். செல்லப்பிராணிக் கடைகளில் நாம் காணும் முயல்கள், காது தொங்குபவையும் சரி, குள்ளமானவையும் சரி, கழுத்தைச் சுற்றிப் பிடரி வைத்தவையும் சரி, ஐபீரியத் தீபகற்பத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வேறோர் இனத்தின் வழிவந்தவை. அந்த இனம் மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். குட்டிகள் முடியில்லாமல், கண் மூடிய நிலையில், வளைக்குள் பிறக்கும். காட்டுமுயலும் இதுவும் இணைந்து குட்டி ஈனுவதுகூடக் கிடையாது. அவ்வளவு தூரத்து உறவு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு பெயர். நமக்கோ இரண்டும் முயல். வளை தோண்டுவதைச் சிலர் ‘குழிமுயல்’ என்று எழுதுகிறார்கள். நல்ல சொல், நம் சங்கத்திலாவது புழக்கத்துக்கு வரட்டும். நான் சொல்ல வந்தது, அப்பாவின் வாதம் வேறொரு விலங்கைப் பற்றியது என்பதே. அவரிடம் இதை விளக்கியபோது, “ரெண்டும் கேரட் திங்கும்ல?” என்று கேட்டார். (கேரட்டை முயலுக்கு அடிக்கடி கொடுக்கக் கூடாது, இனிப்பு அதிகம். அது வேறு கட்டுரை.)

கூட்டமாக வாழும் விலங்குக்குக் கூட்டாளி எவ்வளவு முக்கியம் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வுக்கூடத்துப் பெண் முயல்கள் கனம் கூட்டப்பட்ட கதவைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சில சமயம் கதவுக்கு அப்பால் உணவு. சில சமயம் இன்னொரு முயலின் அருகாமை. உணவுக்காக எவ்வளவு பாடுபட்டனவோ, ஏறத்தாழ அதே அளவுக்கு இன்னொரு முயலை அடையவும் பாடுபட்டன. 2020இல் லண்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு காப்பகத்தில் தனி முயல்களையும் ஜோடி முயல்களையும் ஒப்பிட்டார்கள். தனியாக இருந்தவற்றின் உடல் வெப்பம் குறைவாக இருந்தது. கூண்டுக் கம்பியைக் கடிக்கும் பழக்கமும் தனியாக இருந்தவற்றிடம்தான் காணப்பட்டது.

குளிர்காலக் கவலை நமக்கு இல்லை. நம் ஊரில் முயலுக்கு எதிரி வெயில். பஞ்சு பகல் பொழுதைக் காற்றாடிக்குக் கீழே, தரை ஓட்டில் வயிறு படப் படுத்துக் கழிப்பவன். ஆனால் கம்பி கடிப்பதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு எங்கள் வீட்டில் கேட்கும் ‘டிங், டிங்’ ஓசை அதுதான். முயல்கள் மிகத் துடிப்பாக இருப்பது விடியலிலும் அந்தியிலும். விடியலில் நாங்கள் தூங்குகிறோம். அந்தியில் நான் பெருவிரைவு ரயிலில் நின்றுகொண்டிருக்கிறேன்.

அதோடு, மனிதரால் முடியாத சில வேலைகள் இருக்கின்றன. நான் பஞ்சுவின் நெற்றியை அரைமணி நேரம் தடவிக்கொடுக்கலாம். அவன் காதை நக்கிச் சுத்தம் செய்ய முடியாது. சத்தம் கேட்டு அவன் பின்னங்காலால் தரையை அடிக்கும்போது, அதன் பொருள் புரிந்து நானும் சேர்ந்து ஒளிய முடியாது. “என்ன பஞ்சு?” என்று கேட்கத்தான் முடியும்.

இதுவரை படித்தால், உடனே போய் இன்னொரு முயலை வாங்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். இங்கேதான் நான் நின்று யோசிக்கிறேன்.

என் தோழி ஒருத்தி சொன்னாள்: “இன்னொன்னு வாங்கிடு. அதுங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கும். உனக்குத் தொல்லை விட்டுது.” நம் வயதுக்காரர்கள் துணை வாங்குவதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் இதுதான். நமக்கு நேரமில்லை, நேரத்துக்குப் பதில் ஒரு முயல். இதை நான் ஏற்க மாட்டேன். இரண்டு முயல்கள் நம் வேலையைப் பாதியாக்குவதில்லை. காய்ந்த புல் இருமடங்கு, கழிவுத்தட்டு இருமடங்கு, மருத்துவச் செலவும் இருமடங்கு. முயல் நோயை மறைக்கும் பிராணி. பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே அதன் குடல் நின்றுபோகும் ஆபத்து உண்டு. அது அவசர நிலை. ஒரு முயல் இருக்கும் வீட்டில் தட்டில் புழுக்கை குறைந்தால் உடனே தெரிந்துவிடும். இரண்டு முயல்கள் ஒரே தட்டைப் பயன்படுத்தும்போது எது சாப்பிடுகிறது, எது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். ஆக, நேரம் இல்லாதவர்களுக்கு இரண்டாவது முயல் சரியான மருந்தல்ல.

ஆண்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். நல்ல கவனிப்பில் வீட்டு முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். இருபது வயதில் நாம் வாங்கும் முயல் நம் பட்டமளிப்பு, முதல் வேலை, வீவக வீட்டு விண்ணப்பம், திருமணம், முதல் குழந்தை எல்லாவற்றையும் பார்த்துவிடும். நடுவில் ஒரு பருவம் மாணவப் பரிமாற்றத்துக்குப் போகிறோம். முயல் போவதில்லை. அம்மா பார்த்துக்கொள்கிறார். வீவக வீட்டில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் வரை அனுமதி இல்லை. நாய் என்றால் ஒரு வீட்டுக்கு ஒன்று, அதுவும் பட்டியலில் உள்ள இனம். முயலுக்கு இந்தக் கெடுபிடி எதுவும் இல்லாததாலோ என்னவோ, அதைத் தொட்டிமீன் போல நினைத்து வாங்கிவிடுகிறோம். 2011, 2023 ஆகிய முயல் ஆண்டுகளில் பண்டிகை அலங்காரம் பார்த்து ஆசைப்பட்டவர்களும் உண்டு. ஆசை தீர்ந்தபின் பூங்காவில் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வளர்ப்பு முயலுக்குப் பூங்கா விடுதலை அல்ல, அங்கே அது சில நாள்கூடத் தாங்காது. நம் சட்டப்படி அது குற்றமும்கூட. அபராதம் 10,000 வெள்ளி வரை போகலாம், சிறைத்தண்டனையும் உண்டு.

சரி, நேரமும் மனமும் பணமும் இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, யாரை?

அண்ணன் பஞ்சுவை வாங்கியபோது கடைக்காரர், “ரெண்டா எடுத்துக்குங்க, ரெண்டும் பொட்டைதான்” என்றாராம். பஞ்சு பெண் அல்லன் என்பது மூன்று மாதத்தில் தெரிந்தது. குட்டிகளில் ஆண், பெண் பிரித்தறிவது எளிதல்ல என்பதால் கடைக்காரரை மட்டும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டாவது முயலையும் எடுத்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முயலின் கர்ப்பக் காலம் ஏறக்குறைய 31 நாள். ஈன்ற அன்றே மறுபடியும் கருத்தரிக்கக்கூடிய பிராணி அது. நம் அரசாங்கம் 1970களில் இரண்டே போதும் என்றது. 1987இல் வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ என்றது. முயல் வீட்டுக்கு முதல் கொள்கைதான் சரி. துணை சேர்ப்பதென்றால் இரண்டுக்குமே கருத்தடை அறுவை செய்திருக்க வேண்டும். ஆணுக்கு அறுவை முடிந்த பிறகும் சில வாரங்கள் பொறுக்க வேண்டும். அதற்குள் சேர்த்தால் குட்டி உண்டாகலாம். பெண் முயலுக்கு இது உயிர்காக்கும் சிகிச்சையும்கூட. அறுவை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏறும்போது கருப்பைப் புற்று வருவது மிகச் சாதாரணம்.

கருத்தடை செய்த ஆணும் கருத்தடை செய்த பெண்ணும்தான் பொதுவாக ஒத்துப்போகும் ஜோடி. ‘பொதுவாக’ என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். முயல்களுக்குக் கண்டதும் காதல் வருவதில்லை. தன் இடத்தில் புதிதாக ஒன்று வந்து நின்றால் துரத்தும், கடிக்கும், முடியைக் கொத்தாகப் பிடுங்கும். இரண்டு ஆண்கள் மோதினால் தையல் போடும் அளவுக்குப் போகும். அதனால் முதல் சந்திப்பை இருவருக்கும் சொந்தமில்லாத பொதுவான இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். நம் வீடுகளிலும் இப்போது பெண் பார்ப்பதைக் கோயிலிலோ உணவகத்திலோதானே வைக்கிறார்கள்? அதே காரணம்தான்: யார் வீடு என்ற பேச்சு வராது, பிடிக்கவில்லை என்றால் எழுந்து போவதும் எளிது.

அதன்பின் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தடுப்புகளில் வைக்க வேண்டும். கழிவுத்தட்டுகளை மாற்றி வைத்து ஒன்றின் வாசம் மற்றதற்குப் பழக வேண்டும். கம்பிக்கு இரு புறமும் ஒரே நேரத்தில் உணவு வைக்க வேண்டும். பிறகு, ஆள் பக்கத்தில் இருக்கப் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று சேர்த்து விட வேண்டும். சில ஜோடிகளுக்கு இது ஒரு வாரத்தில் முடியும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் இழுக்கும். ஒருநாள் ஒன்று தலையைத் தாழ்த்தி மற்றதன் வாய்க்குக் கீழே நீட்டும். பார்த்தால் பணிவு போலத் தெரியும். உண்மையில் அது, “என்னை நக்கிவிடு” என்ற உத்தரவு. (எங்கள் பெரியத்தை நினைவுக்கு வந்தார். மேலே சொல்ல மாட்டேன்.) மற்றது நக்கிக்கொடுத்துவிட்டால் நல்ல அறிகுறி.

கொடுக்காமலே போனால்? சில முயல்கள் கடைசிவரை ஒத்துப்போவதே இல்லை. அப்போது ஏறத்தாழ 90 சதுர மீட்டர் நாலறை வீட்டில் இரண்டு தடுப்புகள், இரண்டு நேர அட்டவணைகள், ஒன்றை விடும்போது மற்றதைப் பூட்டிவைக்கும் வேலை. ஒரு தனி முயல் இருந்த வீட்டில் இரண்டு தனி முயல்கள். இதனால்தான் கடையில் போய் அழகான குட்டியாகத் தேர்ந்தெடுத்து வருவதை நான் எதிர்க்கிறேன். பஞ்சுவுக்குப் பிடிக்கவில்லை என்றால் கடை திரும்ப எடுத்துக்கொள்ளாது. ஹவுஸ் ராபிட் சொசைட்டி சிங்கப்பூர் போன்ற தொண்டூழிய அமைப்புகளிடம் வீடில்லாத முயல்கள் இருக்கின்றன. நம் முயலை எடுத்துச்சென்று அறிமுகப்படுத்த முடியுமா, கருத்தடையும் தடுப்பூசியும் ஆகிவிட்டனவா, ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். தடுப்பூசி விஷயத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். முயல்களைச் சில நாளில் கொன்றுவிடும் ரத்தக்கசிவு நோய்க் கிருமி 2020 செப்டம்பரில்தான் சிங்கப்பூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நம்மிடமே தனிமைப்படுத்திக்கொள்ளச் சொன்ன அந்த ஆண்டில் முயலுக்கும் அதே கதி.

அம்மாவின் தடை வேறு. அம்மா கணக்குப் போடுகிறவர். “பஞ்சுவுக்கு அஞ்சு வயசாச்சு. இப்ப ஒரு குட்டியக் கொண்டாந்தா, இது போனப்புறம் அது தனியா நிக்கும். அதுக்கு ஒன்னு தேடணும். அப்புறம் அதுக்கு ஒன்னு. எனக்கு அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் புல்லு வாங்கணுமா?” எங்கள் வீட்டில் எழுந்த வாதங்களில் இதுதான் எனக்குப் பதில் சொல்ல மிகக் கடினமாக இருந்தது. துணையை இழந்த முயல் சாப்பிடாமல் ஓரிடத்தில் முடங்கிவிடுவதுண்டு. இறந்த துணையின் உடலைச் சிறிது நேரம் அதனருகில் விட்டுவைக்கச் சொல்வார்கள், புரிந்துகொள்ளட்டும் என்று. அந்த நிலையில் ஒரு முயலை விட்டுவிட முடியாது. சங்கிலி நீளும்.

என் பதில், குட்டி வேண்டாம் என்பதுதான். பஞ்சு வயதையொத்த பெண் போதும். தத்தெடுக்க வருபவர்கள் முதலில் கேட்பது குட்டிகளைத்தான். நாலைந்து வயது முயலை யாரும் அவ்வளவு ஆசையாகக் கேட்பதில்லை. அதற்கும் ஒரு வீடு கிடைக்கும், இரண்டின் காலமும் ஏறக்குறைய ஒன்றாகப் போகும். ‘ஏறக்குறைய’ என்பதற்கு உத்தரவாதம் இல்லைதான். மருத்துவச் செலவு சீக்கிரம் வரும் என்பதும் உண்மை. என் பகுதிநேரத் துணைப்பாட வருமானத்தில் மாதம் ஒரு தொகையை இப்போதே ஒதுக்கத் தொடங்கியிருக்கிறேன். அம்மா இதற்குச் சரி என்று சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்பதை நிறுத்திவிட்டார். தாதியர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

இனிப் பாட்டி.

பாட்டி ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். ஆடும் வாத்தும் பார்த்தவர். பிராணி என்றால் வீட்டுக்கு வெளியே என்று இருந்தவர். பஞ்சு வந்த முதல் வாரம் அவனை வரவேற்பறைப் பக்கமே விடவில்லை. இப்போது கொத்தமல்லிக் கட்டு வாங்கினால் இலை ரசத்துக்கு, தண்டு பஞ்சுவுக்கு. பிற்பகலில் பாட்டி வசந்தத்தில் தொடர் பார்க்கும்போது அவர் காலடியில் கிடப்பான். நடுநடுவே தாடையை அவர் கணுக்காலில் உரசுவான். ‘இது என்னுடையது’ என்று முயல் முத்திரை குத்தும் முறை அது. பாட்டி அவனிடம் தொடரின் கதையைச் சொல்கிறார். அவனுக்குத் தெரிந்த மருமகள்கள் எனக்குத் தெரியாது.

துணை பற்றிய பேச்சு எழுந்தபோது பாட்டி முதலில் சிரித்தார். “ஒங்க தாத்தா போயி எட்டு வருசமாச்சு. எனக்கு யாரும் தொணை தேடல. இதுக்குத் தேடுறீங்க.” எல்லோரும் சிரித்தோம். அப்பா மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். பிறகு ஒருநாள் நான் தனியாக இருக்கும்போது பாட்டி கேட்டார்: “ரெண்டு ஆயிட்டா அதுக அதுக பாட்டுக்கு இருக்கும். எங்கிட்ட எதுக்கு வரப் போவுது, பாப்பா?”

இதற்கு முயல் புத்தகங்களில் ஆறுதலான விடை உண்டு: ஜோடி சேர்ந்த முயல்கள் மனிதரை மறந்துவிடுவதில்லை, பழகிய கைக்கு வரத்தான் செய்யும் என்று. அது பெரும்பாலும் உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் பாட்டி கேட்டது அதை அல்ல. கொத்தமல்லித் தண்டுக்கு அவன் வருவான். தொடர் முடியும்வரை காலடியில் கிடப்பானா? பக்கத்தில் உடம்போடு உடம்பு ஒட்டிக் கிடக்க இன்னொரு முயல் இருக்கும்போது, பாட்டியின் கணுக்கால் அவனுக்கு இரண்டாம் இடம்தான். பாட்டி சொல்வது சரியாகவே இருக்கலாம்.

அப்படியானால் பாட்டிக்காகப் பஞ்சுவை ஒற்றையாகவே வைத்திருக்கலாமா? எங்கள் வீட்டுப் பகல்பொழுதில் இருவருடைய தனிமையும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கிறது. அந்த முட்டை நம்பித்தான் நாங்கள் மூவரும் காலையில் கிளம்புகிறோம். இதை வெளிப்படையாகப் பேசாமல் முயலைப் பற்றி மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் கருத்து இது: பாட்டியின் பிற்பகலுக்குப் பொறுப்பு பஞ்சு அல்லன், நாங்கள். இரண்டு கிலோகூட இல்லாத ஒரு பிராணியின் தலையில் அதை வைத்துவிட்டு, அதற்குத் துணை மறுப்பது நியாயமில்லை. அதே சமயம், பாட்டி சம்மதிக்காமல் இன்னொரு முயலை வீட்டுக்குள் கொண்டுவருவதும் நியாயமில்லை. பகலில் அவற்றோடு இருக்கப்போவது அவர்தானே? தட்டில் புழுக்கை குறைந்ததா என்று பார்க்கப்போவதும் அவர்தானே? முயல் வளர்ப்பு பற்றிய அறிவுரைகளில் குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி வரும். நம் வீடுகளில் ‘எல்லோரும்’ என்பதில் பாட்டியைக் கடைசியாகத்தான் எண்ணுவோம். இந்த விஷயத்தில் முதல் வாக்கு அவருக்கு.

அதனால் இப்போது செவ்வாய், வியாழன் பிற்பகல்களில் வகுப்பு இல்லாதபடி என் அட்டவணையை அமைத்துக்கொண்டிருக்கிறேன். புதன்கிழமை அண்ணியும் குழந்தையும் வருகிறார்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் மூத்தோர் நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே பாதி நேரம் மாண்டரினில் பேசுகிறார்கள் என்பது பாட்டியின் புகார், மீதி நேரம் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள் என்பது இரண்டாவது புகார். இவையெல்லாம் துணை முயல் வந்தாலும் வராவிட்டாலும் தொடரும். அதை நான் பாட்டியிடம் சொல்லிவிட்டேன். அவர், “பாப்போம்” என்றார்.

தேர்வு முடிந்ததும் பஞ்சுவை எடுத்துக்கொண்டு போகிறோம். மூன்று பெண்கள் இருக்கிறார்கள் என்று தகவல். மூவரும் நான்கு வயதைத் தாண்டியவர்கள். பாட்டியும் வருவதாகச் சொல்லிவிட்டார். பெண் பார்க்கப் போகும்போது பெரியவர்கள் இல்லாமலா என்கிறார். வெள்ளை வேண்டாம், இருட்டில் எது எதுவென்று தனக்குத் தெரியாது என்பது அவர் வைத்திருக்கும் ஒரே நிபந்தனை.

மூவரையும் பஞ்சுவுக்குப் பிடிக்கவில்லை என்றால் அவனை அப்படியே வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவோம்; மாதாமாதம் புதுப் பெண் தேடி அவனை அலைக்கழிக்கப் போவதில்லை. அதற்கும் ஏற்பாடு எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியாயிற்று. விடியற்காலை ஐந்தரைக்கு அவனைத் தடுப்பிலிருந்து திறந்துவிட்டுக் கூடவே தரையில் உட்காருவது என் முறை. இரவு ஒன்பதிலிருந்து பத்துவரை அப்பாவின் முறை. கையெழுத்துப் போட இடமும் விட்டிருக்கிறேன். அப்பா இன்னும் போடவில்லை.